டோக்கியோ ஒரு நகரமே இல்லை, அப்புறம் அதன் தீயணைப்புத் துறை யாருடையது?

வாசகர் கேள்வி, ஜனவரி 7

டோக்கியோ தீயணைப்புத் துறையின் புத்தாண்டு அணிவகுப்பை வீடியோவில் பார்த்தேன். ஒரு பக்கம் மூங்கில் ஏணி உச்சியில் தலைகீழாக நிற்கிறார்கள், இன்னொரு பக்கம் ஹெலிகாப்டர் பறக்கிறது. அந்த ஏணி வித்தையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காகத்தானே? உண்மையில் மெய்ஜி காலத்தில் (1868-1912) ஐரோப்பாவிலிருந்து பம்பு வாங்கிய பிறகுதானே அங்கே தீயணைப்பு என்று ஒன்று தொடங்கியது? இன்னொரு சந்தேகம். டோக்கியோ ஒரு மாநகராட்சியே இல்லை என்று படித்தேன். அப்படியானால் இந்தத் துறை மத்திய அரசுடையதா?

ஜனவரி 7, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். மத்திய அரசுடையது இல்லை. 1948 மார்ச் 7-இல் நடைமுறைக்கு வந்த தீயணைப்பு அமைப்புச் சட்டம், நெருப்பை உள்ளூராட்சிகளின் பொறுப்பில் விட்டது. அதுவரை அது போலீஸின் கையில் இருந்தது.

சிக்கல் டோக்கியோவில்தான். டோக்கியோ நகரம் என்ற நிர்வாகம் 1943-இலேயே கலைக்கப்பட்டு, சுற்றியிருந்த மாகாணத்தோடு ஒன்றாகிவிட்டது. அதனால் சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். நடுவில் உள்ள 23 வார்டுகளும் நெருப்பைப் பொறுத்தவரை சேர்ந்து ஒரே நகரம். மேயர் செய்ய வேண்டியதை ஆளுநர் செய்வார். மேற்கே தாமா பக்கம் இருப்பவை நிஜமான நகராட்சிகள். அவை பணம் கட்டி, தங்கள் தீயணைப்பை டோக்கியோ துறையிடம் ஒப்படைத்திருக்கின்றன. இனாகி என்ற நகரம் மட்டும் எங்கள் நெருப்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தனியாக நிற்கிறது. துறையின் எல்லைப் படத்தில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கடல் தீவுகளும் தனி.

மத்தியிலும் ஒரு தீயணைப்பு முகமை உண்டு, பெயரும் ஏறக்குறைய இதேதான். ஜப்பானியர்களே குழம்புவார்கள். சட்டம், தரநிர்ணயம், ஊருக்கு ஊர் உதவி அனுப்புவது எல்லாம் அதன் வேலை. குழாயைப் பிடித்துக்கொண்டு தீக்குள் போகும் படை அதனிடம் கிடையாது.

ஜனவரி 8

ஏணி பற்றி. அதில் ஏறுபவர்கள் துறையின் ஊழியர்கள் இல்லை. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்துத் தீயணைப்பு மரபைக் காக்கும் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் இன்றும் தோபி, அதாவது கட்டடச் சாரம் கட்டி உயரத்தில் வேலை செய்யும் தொழிலாளிகள். ஏன் சாரம் கட்டுபவர்கள் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. நாளை நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்.

ஜனவரி 12

நாளை என்றேன், நான்கு நாள் ஓடிவிட்டது.

1657 மார்ச் தொடக்கத்தில் எடோவில் மெய்ரெகி பெருந்தீ. மழையே இல்லாத குளிர்காலம், வறண்ட வடமேற்குக் காற்று, இரண்டு நாளில் அடுத்தடுத்து மூன்று இடத்தில் தீ. நகரத்தின் பாதிக்கு மேல் சாம்பல். இறந்தவர்கள் ஒரு லட்சம் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் கோட்டையின் பெரிய கோபுரம் அன்று எரிந்ததுதான், இன்றுவரை திரும்பக் கட்டவில்லை. அரண்மனைத் தோட்டத்துக்குப் போனால் வெறும் கல் மேடை மட்டும் நிற்கும்.

இதில் என்னை உலுக்கும் பகுதி அசாகுசா வாயிலில் நடந்தது. தென்மாச்சோ சிறையின் அதிகாரி இஷிதே தாத்தேவாக்கி, கைதிகள் வெந்து சாகக் கூடாது என்று அவர்களைத் திறந்துவிட்டார், தீ அடங்கியதும் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி. கைதிகள் உடைத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று வாயில் காவலர்கள் நினைத்துக் கதவை மூடினார்கள். பின்னால் வந்த ஊர்ச் சனம் முழுக்க அங்கே மாட்டிக்கொண்டது. பலரிடம் சக்கரம் வைத்த பெரிய மரப்பெட்டிகள் இருந்தன. வீட்டுச் சாமானை எல்லாம் அதில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தவர்கள். பெட்டிகள் தெருவை அடைத்தன. ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு இடத்தில் செத்தார்கள். கைதிகளோ சொன்னபடி திரும்பி வந்தார்கள் என்பது கதை. சக்கரப் பெட்டிக்குப் பின்னாளில் அரசு தடை போட்டது. அந்தப் பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அடுத்த வருடமே, 1658-இல், ஷோகுனின் அரசு தனக்கென்று முழுநேரத் தீயணைப்புப் படையை அமைத்தது. சாமுராய் படை. 1659 ஜனவரியில் அவர்கள் உவேனோவில் கூடி நின்றதுதான் நீங்கள் வீடியோவில் பார்த்த அணிவகுப்பின் தொடக்கம். வீடிழந்து பயந்திருந்த மக்களுக்கு முன்னால் 'நாங்கள் இருக்கிறோம்' என்று காட்டுவதற்கான கூட்டம். சுற்றுலாவே இல்லாத காலம் அது.

ஆனால் அந்தப் படை முதலில் பார்த்தது கோட்டையையும் சாமுராய் மாளிகைகளையும்தான். சாதாரண ஊர்க்காரர்களின் தெருவுக்கு ஆள்? 1720 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டாவது ஷோகுன் யோஷிமுனே காலத்தில், நகர நீதிபதி ஓஓகா தாதாசுகே ஊர்க்காரர்களின் படைகளை ஒழுங்குபடுத்தினார். சுமிதா ஆற்றுக்கு மேற்கே இரோஹா என்ற பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் எழுத்துக்கு ஒன்றாக 47 குழுக்கள், பின்னால் 48. ஆற்றுக்குக் கிழக்கே ஹோன்ஜோ, ஃபுகாகவா பக்கம் தனியாக 16 குழுக்கள். நான் குடியிருப்பது ஃபுகாகவா. கிழக்கை எப்போதும் தனியாகத்தான் எழுதுவார்கள்.

இந்தக் குழுக்களில் ஆரம்பத்தில் கடைக்காரர்களும் வேலையாட்களும் இருந்தார்கள், பயன்படவில்லை. காரணம், அந்தக் காலத்தில் நெருப்பை அணைப்பது என்றால் தண்ணீர் ஊற்றுவது இல்லை. காற்று போகும் திசையில் உள்ள வீடுகளை இடித்து, தீக்கு இரை இல்லாமல் செய்வது. வீட்டைக் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் எந்தத் தூணை இழுத்தால் கூரை எந்தப் பக்கம் விழும் என்று தெரியும். அதனால் வேலை தோபிகளின் கைக்குப் போனது. நீளக் கம்பில் கொக்கி, ஏணி, எங்கே தீயை நிறுத்தப் போகிறோம் என்று காட்டக் கூரை மேல் தூக்கிப் பிடிக்கும் மாத்தோய் என்ற கொடிக்கம்பம். மரப் பம்பு பின்னால் வந்தது, அது பீய்ச்சிய தண்ணீர் தீயை விட ஆட்களை நனைக்கத்தான் உதவியது.

ஆக, ஐரோப்பியப் பம்புக்கு முன்னால் பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு படை அங்கே இருந்தது. தண்ணீர் இல்லாத தீயணைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜனவரி 13

நேற்றையதில் விட்டுப்போனது. இரோஹா வரிசையில் நான்கு எழுத்தை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. 'ஹி' என்றால் நெருப்பு, தீயணைப்புக் குழுவுக்கு அது ஆகாது. 'ஹெ' என்றால், வயிற்றிலிருந்து வரும் காற்று. முதுகில் அந்த எழுத்தோடு எவன் ஏணியில் ஏறுவான்? 'ர'வுக்கும் ஒரு கெட்ட அர்த்தம் உண்டு, இங்கே வேண்டாம். 'ன்' சொல்லுக்குத் தொடக்கமாகவே வராது. இவற்றுக்குப் பதில் நூறு, ஆயிரம், பத்தாயிரம், 'ஹோன்' என்று வைத்தார்கள்.

பின்னால் குழுக்களை எண் போட்டுப் பத்துப் பெரும் பிரிவாகச் சேர்த்தபோது நான்கும் ஏழும் ராசியில்லை என்று பக்கத்துப் பிரிவில் கரைத்துவிட்டார்கள். இன்றைய துறையிலும் பத்து மண்டலங்கள்தான். ஆனால் நான்கும் உண்டு, ஏழும் உண்டு. எங்கள் பகுதி ஏழாவது.

ஜனவரி 13, மதியம்

குழுக்கள் ஒற்றுமையாக இருந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே! எந்தக் கூரையில் எவன் மாத்தோய் முதலில் நிற்பது என்பதற்கே அடிதடி. 1805-இல் 'மெ' குழுவினர் சுமோ மல்லர்களோடு ஷிபா கோயில் பக்கம் மோதிய சண்டை நாடகமாகவே ஆடப்படுகிறது. நெருப்பும் சண்டையும் எடோவின் பூக்கள் என்று பழமொழியே உண்டு.

மேலிருந்து கீழ்வரை அந்தஸ்துப் பிரச்சினையும் இருந்தது. சாமுராய் காவல் கோபுரத்தில் முரசு அடிக்கும் முன்னால் ஊர்க் கோபுரத்தில் மணி அடிக்கக் கூடாது. தெருவில் தீ கண்ணுக்குத் தெரிந்தாலும் மேலே இருப்பவர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்யும் யாருக்கும் இது புதிதாக இருக்காது.

ஜனவரி 21

மெய்ஜிக்கு வருவோம். இதை வேகமாகத் தாண்டலாம். 1872-இல் எடோ குழுக்கள் 39-ஆகக் குறைக்கப்பட்டன. 1874-இல் போலீஸின் கீழ் போனது. 1880 ஜூன் 1-இல் முழுநேர ஊழியர்களோடு தீயணைப்புத் தலைமையகம் வந்தது. நீராவிப் பம்பு, குதிரை, அப்புறம் மோட்டார் வண்டி. 1948 வரை போலீஸ்காரர்தான் தீயணைப்புக்கும் பெரியவர்.

தீ என்றால் அழைக்கும் 119 என்ற எண்ணின் கதைதான் இதில் சுவாரசியம். 1926-இல் சுழற்றும் தொலைபேசி வந்தபோது சீக்கிரம் சுற்றலாம் என்று 112 வைத்தார்கள். பதற்றத்தில் ஏகப்பட்ட தவறான அழைப்புகள். 1927-இல் கடைசி எண்ணை 9 ஆக்கினார்கள். 9-ஐச் சுற்றித் திரும்ப நேரம் ஆகும், அதற்குள் ஆள் கொஞ்சம் நிதானத்துக்கு வருவான் என்று.

ஜனவரி 22

ஆம்புலன்சும் அதே எண்தான். எடுத்ததும் முதல் கேள்வி, "தீயா, மருத்துவ உதவியா?" ஒரு முறை எங்கள் கட்டடத்தில் ஒரு முதியவர் மாடிப்படியில் விழுந்துவிட, நான் அழைத்தேன். முதலில் வந்து நின்றது பெரிய சிவப்புப் பம்பு வண்டி. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, 2000-ஆம் ஆண்டிலிருந்தே அங்கே அப்படித்தான். பக்கத்து நிலையத்தின் பம்பு வண்டி ஆம்புலன்சை விட முன்னால் வர முடியும் என்றால் அதையும் அனுப்புவார்கள். இதய அதிர்ச்சிக் கருவி அதிலும் உண்டு, குறுகலான படியில் ஆளைத் தூக்கி இறக்கக் கைகளும் வேண்டும்.

காசு வாங்குவதில்லை. ஆனால் ஆளை வண்டியில் ஏற்றிய பிறகும் வண்டி நகராது. உள்ளே ஊழியர் ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிட்டு இடம் கேட்டுக்கொண்டிருப்பார். அன்று முதலிரண்டு இடங்களில் கைவிரித்தார்கள். எங்கள் கட்டடத்தின் வாசலில், விளக்கு சுழல, அப்படியே நின்றது. இந்தத் துறை எவ்வளவு சீராக இருந்தாலும் அதன் கை மருத்துவமனை வாசல்வரைதான்.

பிப்ரவரி 3

உள்ளமைப்பைக் கேட்டவருக்கு. தலைமையகம் ஓதேமாச்சியில். கீழே பத்து மண்டலங்கள், 81 தீயணைப்பு நிலையங்கள், அவற்றின் கீழ் இருநூறுக்கு மேல் கிளைகள். ஆட்கள் 18,000-க்கு மேல். மூன்று அணியாகப் பிரிந்து 24 மணி நேர முறை. பத்துப் படி பதவிகள். உச்சியில் ஷோபோ சோகான். அந்தப் பதவி நாட்டிலேயே ஒருவருக்குத்தான், டோக்கியோ தலைவருக்கு.

நிலையத்துக்குள் தீக்குப் போகும் பிரிவைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஊர்க்காரன் அடிக்கடி சந்திப்பது தடுப்புப் பிரிவை. கடை, விடுதி, அடுக்குமாடி என்று ஏறி இறங்கி, கதவு மூடுகிறதா, படிக்கட்டில் பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பவர்கள். 2001 செப்டம்பர் 1-இல் கபுகிச்சோவில் ஒரு சின்னக் கட்டடத்தில் 44 பேர் இறந்தார்கள். இருந்தது ஒரே படிக்கட்டு, அதிலும் சாமான் குவிந்து கிடந்தது. தீத்தடுப்புக் கதவுகள் மூட முடியாமல் போயின. அடுத்த வருடம் சட்டம் திருத்தி, சோதனை அதிகாரத்தையும் தண்டனையையும் கூட்டினார்கள். 1657-இன் சக்கரப் பெட்டி ஞாபகம் வருகிறதா?

பிப்ரவரி 4

புகை எச்சரிக்கைக் கருவி பற்றி இங்கிருக்கும் தமிழர்கள் கேட்பது எல்லாம் ஒரே கேள்விதான், சமைக்கும்போது என்ன செய்வது. நாட்டின் பொது விதியில் படுக்கையறையும் படிக்கட்டும் போதும். டோக்கியோவின் சட்டம் வசிக்கும் அறைகள் எல்லாவற்றிலும் சமையலறையிலும் வேண்டும் என்கிறது. நான் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்த அன்று அது அலறியதில், பக்கத்து வீட்டுப் பாட்டி தீயணைப்பானோடு வாசலில் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர், ஊசியையும் உருவித் தயாராக இருந்தார். சமையலறையில் வெப்பத்தை உணரும் வகையை மாட்டலாம், சட்டம் ஒப்புக்கொள்கிறது. வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள்.

பாட்டியிடம் அப்புறம் பேசியதில்தான் 1923 பற்றிச் சரியாகப் படிக்கத் தொடங்கினேன். எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

1923 செப்டம்பர் 1, 11:58. மதியச் சமையலுக்கு அடுப்பு எரியும் நேரம், பலமான காற்று வேறு. நிலநடுக்கம் தண்ணீர்க் குழாய்களை உடைத்துவிட்டது. புது மோட்டார் வண்டிகள் இருந்தன, பீய்ச்சத் தண்ணீர் இல்லை. மூன்றாம் தேதி காலைவரை எரிந்து, அன்றைய டோக்கியோ நகரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போனது. சுற்று வட்டாரத்தையும் சேர்த்து இறந்தும் காணாமலும் போனவர்கள் சுமார் 1,05,000.

ஆற்றுக்குக் கிழக்கே ஹோன்ஜோவில், ராணுவ உடை ஆலை இருந்து காலியான பெரிய மைதானம். பாதுகாப்பான இடம் என்று போலீஸே மக்களை அங்கே அனுப்பியது. மெத்தை, அலமாரி, துணிமூட்டை எல்லாவற்றோடும் போனார்கள். சாமானில் தீப்பொறி விழுந்தது, பிறகு தீச்சுழல் எழுந்தது. அந்த ஒரு மைதானத்தில் செத்தவர்கள் சுமார் 38,000 பேர். இன்று அது பூங்கா, நினைவு மண்டபமும் இருக்கிறது.

அதே தீயில் கண்டாவின் சாகுமாசோ, இசுமிசோ தெருக்கள் எரியவில்லை. அங்கிருந்தவர்கள் ஓடாமல் நின்று, வாளி மாற்றி, கூரையில் ஏறி, கையில் கிடைத்த பம்பையும் வைத்து அணைத்தார்கள். பக்கத்தில் ஆறு இருந்தது, தப்பிக்க வழியும் இருந்தது.

பிப்ரவரி 12

"அரசு தோற்ற இடத்தில் மக்கள் ஜெயித்தார்கள்" என்று மேலே ஒருவர் கைதட்டியிருக்கிறார். நானும் நேற்று அந்த மனநிலையில்தான் எழுதி முடித்தேன். ராத்திரி யோசித்தபோது அது அவ்வளவு இனிப்பான கதை இல்லை என்று தோன்றியது.

ஏனென்றால் அதே எண்ணத்தைப் பின்னால் அரசு பிடித்துக்கொண்டது. 1939-இல் ஊர்த் தீயணைப்புக் குழுக்களை வான்தாக்குதல் தற்காப்போடு சேர்த்துப் போலீஸின் கீழ் ஒரே படையாக்கினார்கள். 1941-இல் வான்பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, குண்டு விழுந்தால் அங்கிருப்பவர் அணைத்தே ஆக வேண்டும், ஊரை விட்டுப் போவதைத் தடுக்கலாம் என்று எழுதினார்கள். தெருத்தெருவாக வாளிப் பயிற்சி. 1945 மார்ச் 10 அதிகாலை அமெரிக்க விமானங்களிலிருந்து விழுந்தவை மரவீடுகளை எரிப்பதற்கென்றே செய்த குண்டுகள். வாளியால் ஆகிற காரியமா? ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் எங்கள் கிழக்குப் பக்கத்தில். தீயணைப்பவர்களும் வண்டிகளோடு எரிந்துபோனார்கள்.

அதனால் 1948-இல் போலீஸிலிருந்து பிரித்தது வெறும் அலுவலக மாற்றம் என்று எனக்குப் படவில்லை. உத்தரவு போடும் கையும் காப்பாற்றும் கையும் ஒன்றாக இருந்ததன் விலையைப் பார்த்தவர்களின் ஊர் இது.

இப்போது பயிற்சியில் எங்களுக்குச் சொல்வது வேறு. தீ கூரையின் உட்புறத்தைத் தொடும்வரை முயன்று பார், தொட்டுவிட்டால் விட்டுவிட்டு வெளியே போ. சாமானுக்காகத் திரும்பாதே. தெருவில் சிவப்புப் பெட்டிகளில் தீயணைப்பான் வைத்திருக்கிறார்கள், யாரும் எடுக்கலாம். அணைப்பது மக்களின் வேலையா இல்லையா என்ற பழைய சண்டைக்கு இந்த ஒரு கோடு நியாயமான பதில்.

பிப்ரவரி 26

கட்டடத்தையே தீயணைப்பாக்கிய கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சுமிதா வார்டில் ஷிராஹிகே-ஹிகாஷி குடியிருப்பு. ஆற்றோரமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரிசையாக, சுமார் நாற்பது மீட்டர் உயர அடுக்குமாடிகள். இடைவெளிகளில் ராட்சத இரும்புக் கதவுகள், பால்கனிகளில் இறங்கும் ஷட்டர்கள், தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி. உள்ளே மரவீட்டுத் தெருக்கள் எரிந்தால் மக்கள் இந்தச் சுவரைத் தாண்டி ஆற்றோரப் பூங்காவுக்குப் போய்விட வேண்டும், கட்டடம் தீயைத் தடுக்கும். மக்கள் குடியிருக்கும் கோட்டைச் சுவர். எழுபதுகளின் துணிச்சல். பார்த்தால் மிரட்டும், எனக்குப் பிடிக்கும்.

கொஞ்சம் நடந்தால் முகோஜிமாவின் சந்துகளில் ரோஜிசோன் என்று கைப்பம்புகள். பக்கத்துக் கூரையின் மழைநீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தினமும் செடிக்கு ஊற்றலாம், தீ வந்தால் வாளிக்கு. குழாய் உடைந்தாலும் இது கைகொடுக்கும். அந்தப் பெரிய சுவரை விட இது எனக்கு இன்னும் பிடிக்கும். அடித்துப் பார்த்தேன், தண்ணீர் வந்தது. ஒரு வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக முறைத்தார்.

மார்ச் 7

சட்டம் வந்த நாள் என்பதால் இன்று தீயணைப்பு நினைவு நாள். ஹைப்பர் ரெஸ்க்யூ என்ற துறையின் தனி மீட்புப் படை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1995 ஜனவரி கோபே நிலநடுக்கம். அங்கேயும் குழாய்கள் உடைந்தன, இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது குடும்பமும் அக்கம்பக்கமும்தான். அதற்குப் பிறகு ஊர்விட்டு ஊர் உதவும் படை ஏற்பாடு நாடு முழுக்க வந்தது, டோக்கியோ 1996 டிசம்பரில் கனரக எந்திரங்களோடு இந்தத் தனிப்படையை அமைத்தது. 2004 நீகாத்தா நிலநடுக்கத்தில், சரிந்த பாறைகளுக்குள் நான்கு நாள் கிடந்த இரண்டு வயதுப் பையனை உயிரோடு எடுத்தவர்கள் இவர்கள். 2011 மார்ச் 19-இல் ஃபுகுஷிமாவின் மூன்றாவது உலைக் கட்டடத்தில் தண்ணீர் பீய்ச்சியதும் இவர்கள். பிரதமர் ஆளுநரிடம் கேட்டுக்கொண்டு அனுப்பிய படை. ஒரு நகரத்தின் தீயணைப்புத் துறை அணு உலைக்குப் போகும் என்று 1948-இல் சட்டம் எழுதியவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 9

தொண்டர் படையை மறந்துவிட்டேன் என்று ஒருவர் இடித்திருக்கிறார். ஷோபோடான் என்று பெயர். கடைக்காரர், தச்சர், அலுவலக ஊழியர் என்று வேறு வேலை உள்ளவர்கள், பகுதிநேரப் பொது ஊழியர் தகுதியோடு. 23 வார்டுகளில் 58 படைகள். தாமா நகராட்சிகள் துறையிடம் தீயணைப்பை ஒப்படைத்தாலும் தொண்டர் படையையும் தண்ணீர்த் தொட்டிகளையும் தங்களிடமே வைத்துக்கொண்டன. ஒரு காலத்தில் நாடு முழுக்க இருபது லட்சம் பேர், 2022-இல் எட்டு லட்சத்துக்கும் கீழே. வயதும் ஏறிவிட்டது. வருடக் கடைசியில் ராத்திரி கட்டைகளைத் தட்டிக்கொண்டு "நெருப்பு ஜாக்கிரதை" என்று கத்திப் போகும் குழுவில் எங்கள் தெருவில் இளையவர் ஐம்பதைத் தாண்டியவர். கூட இரண்டு குழந்தைகள், சத்தம் போட அனுமதி கிடைத்த சந்தோஷத்தில்.

மார்ச் 15

கடைசியாக, இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்று கேட்டவருக்கு. யோத்சுயா-சான்சோமே ரயில் நிலையத்தை ஒட்டியே துறையின் தீயணைப்பு அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். மேலே போய் எடோ பகுதியிலிருந்து கீழே இறங்குங்கள். மாத்தோய், கொக்கி, தைத்துத் தைத்துத் தடித்த மேலங்கி எல்லாம் அங்கே. தண்ணீரில் நனைத்துப் போட்டால் அந்த அங்கி என்ன கனம் கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைகள் ஹெலிகாப்டரை விட்டு வரமாட்டார்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். போகும் முன் விடுமுறை நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.